கையில் ஏறிய குளிர்

டீச்சரின் தாலிச் சங்கிலியில் எப்போதும் மூன்று ஊக்குகள் தொங்கும். ஒன்று முந்தானைக்கு. ஒன்று அவசரத்துக்கு. மூன்றாவது, வகுப்பில் எந்தப் பிள்ளைக்காவது துப்பட்டா நழுவினாலோ பை ஜிப் போனாலோ கழற்றிக் கொடுக்க. 2013 ஜூலையில் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு முதன்முதலாக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, உடை மாற்றும் அறை வாசலில் நின்ற பெண் முதலில் கை நீட்டிக் காட்டியது அந்தச் சங்கிலியைத்தான்.

கூட வந்திருந்த நாத்தனாருக்கு இந்தச் சங்கதி முன்பே தெரியும். கைப்பையிலிருந்து மஞ்சள் கயிற்றையும் ஒரு துண்டு விரலி மஞ்சளையும் எடுத்தார். "இதக் கட்டிக்கிட்டு அதக் கழட்டுங்க மதினி. கழுத்து வெறுமையா இருக்க வேணாம்" என்றார். புதுக் கயிறு கழுத்தில் ஏறிய பிறகுதான் சங்கிலி இறங்கியது. வளையல், தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. மெட்டி வரவில்லை. இருபது வருடத்தில் விரல் அதைச் சுற்றிப் பருத்திருந்தது. வாஷ்பேசினில் கிடந்த சோப்பைக் குழைத்துத் தடவி, நாத்தனார் தரையில் உட்கார்ந்து திருகித் திருகி எடுத்தார். கழன்ற இடத்தில் வெளுத்த தழும்பு வளையமாகத் தெரிந்தது.

தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது. படம் கெடும், உலோகம் சூடாகும் என்பதால்தான் அவற்றைக் கழற்றச் சொல்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அந்த மூன்று ஊக்குகளுக்குத்தான். அவை எஃகு. சாதாரணமாக மருத்துவமனைகளில் இருக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் 1.5 டெஸ்லா வலிமை கொண்டது. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் ஓய்வதில்லை. 2001-இல் நியூயார்க் அருகே ஒரு மருத்துவமனையில், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து வந்து மோதி ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினரைப் பார்க்க வந்த இளைஞர் ஒருவர் சிலிண்டரோடு உள்ளே நுழைந்து உயிரிழந்தார். ஊக்கு சிலிண்டர் இல்லைதான். ஆனால் கண்ணுக்கு நேரே பறக்கிற ஊக்கைப் பற்றியும் யாரும் அலட்சியமாகப் பேச முடியாது.

டீச்சர் அங்கே போனது காதுக்காக. போனை வலது காதில் வைத்தால் எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. வகுப்பில் வலது பக்க பெஞ்சுகளிலிருந்து சந்தேகம் கேட்கும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாமலே பாடத்தைத் தொடர்ந்துவிடுவார். தன் மேல் டீச்சருக்குக் கோபம் என்று நினைத்து ஒரு மாணவி அழுதுவிட்டாள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார். கேட்கும் திறனைச் சோதித்த மருத்துவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் நரம்புல ஏதோ இருக்குற மாதிரி தெரியுது. ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துருவோம். காண்ட்ராஸ்ட்டோட எடுக்கணும்" என்றார்.

காண்ட்ராஸ்ட் என்றால் ஒரு ஊசி என்பதற்கு மேல் டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பினார். "ஒடம்பு பூரா நெருப்பு மாதிரி எரியும் டீச்சர். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். பயந்துராதீங்க." அந்த அம்மாளுக்குப் போட்டது சி.டி. ஸ்கேனுக்கான அயோடின் மருந்து. அதற்கு அவர் சொன்ன அனுபவம் அப்படியே பொருந்தும். எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது வேறு மருந்து, வேறு குணம். இரண்டுக்கும் 'காண்ட்ராஸ்ட்' என்று ஒரே பெயர் இருப்பதால், வெயிலுக்குத் தயாராகிப் போன டீச்சருக்குக் காத்திருந்தது பனி.

சம்மதப் படிவம் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். படித்துப் பார்க்கும் திறமை டீச்சருக்கு உண்டு, நேரம்தான் தரப்படவில்லை. "இங்க, இங்க, கடைசிப் பக்கத்துல இங்க" என்று பேனா முனை காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டார். 2007 முதல் அவருக்குச் சர்க்கரை உண்டு. யாரும் கேட்கவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. இடது முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் ஊசியைச் செருகி, பிளாஸ்டர் ஒட்டி, குழாய் போன்ற அந்த இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள்.

சத்தம் தொடங்கியது. டீச்சர் பிறந்து வளர்ந்தது செல்லூர். விடியற்காலையில் தறிச் சத்தத்தில் எழுந்து தறிச் சத்தத்திலேயே படித்தவர். காதில் வைத்த பஞ்சையும் மீறி வந்த அந்த டக்டக்கென்ற அடி அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் அது முழுக்க இடது பக்கமிருந்தே வந்தது. வலது பக்கம் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போனது போல அமைதி. தன் காதுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் முழுதாகப் புரிந்தது என்று பிற்பாடு சொல்வார்.

இருபது நிமிடம் போயிருக்கும். சத்தம் நின்றது. காலடி ஓசை. யாரோ இடது கையைத் தொட்டார்கள். ஒரு வார்த்தை இல்லை.

முழங்கை மடிப்பில் முதலில் ஒரு அழுத்தம். அடுத்த நொடியே குளிர். ஐஸ் குச்சியை நரம்புக்குள் வைத்து மெல்ல மேலே தள்ளுவது போல, அந்தக் குளிர் ஒரு கோடாக, மிகத் தெளிவாக, புஜத்தின் உட்புறமாக ஏறியது. எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம் போலிருந்தது. அக்குள் வரை வந்தது, பிறகு தோள்பட்டைக்குள் எங்கோ கரைந்தது. அது கரைந்த கையோடு நாக்கின் அடியில் ஒரு ருசி ஊறியது. புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பின் விளிம்பில் வாய் வைத்தால் வருமே, அந்த ருசி. வயிற்றை லேசாகப் புரட்டியது. நெருப்புக்குக் காத்திருந்தவருக்கு இந்தக் குளிர் எதன் அறிகுறி என்று தெரியவில்லை. ரத்தம் தப்பான வழியில் போகிறதோ, இதயத்துக்குப் போய்விடுமோ என்று பதறித் தோளைக் குலுக்கிவிட்டார்.

"ஏம்மா அசையுறீங்க? அசையாதீங்கன்னு சொன்னோம்ல? திரும்பவும் எடுக்கணும்" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

அந்த ருசியும் புரட்டலும் ஒரு சிலருக்கு வருவதுதான், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். கையில் ஏறிய குளிருக்குக் காரணம் அதைவிடச் சாதாரணம். ஏ.சி. அறையின் குளிரில் இருந்த திரவம் 37 டிகிரிச் சூட்டில் ஓடும் ரத்தத்துக்குள் விரைவாகச் செலுத்தப்பட்டால், போகும் வழியெல்லாம் சில்லிடத்தான் செய்யும். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு செலவழிக்கப்படாததால் படம் கலங்கியது, நேரம் போனது, பெரிய மனுஷி ஒருத்தி பள்ளிக்கூடப் பிள்ளை போலத் திட்டு வாங்கினார். அந்தச் சென்டரின் மேல் இந்தக் கட்டுரைக்கு உள்ள குறை இதுதான், இது சின்னக் குறை இல்லை.

வெளியே வந்து, சேலை கட்டி, சங்கிலியை மாட்டிய பிறகு டீச்சர் கேட்டார்: "என்ன மருந்து தம்பி போட்டீங்க?"

"காண்ட்ராஸ்ட்மா."

"அதான், அதுக்குப் பேரு?"

"கடோலினியம்."

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். பிளஸ் டூ வேதியியலில் லாந்தனைடுகள் என்று ஒரு பகுதி உண்டு. தனிம அட்டவணையின் அடியில் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்ட வரிசை. அதில் 64-ஆம் எண்காரர் கடோலினியம். இருபது வருடமாக ஒவ்வொரு பேட்ச் பிள்ளைகளுக்கும் கரும்பலகையில் எழுதிப் போட்டு அவர் மனப்பாடம் செய்ய வைத்த விதிவிலக்கு அது. 4எஃப்-இல் 7, 5டி-இல் 1, 6எஸ்-இல் 2. 'ஏன் டீச்சர் இதுக்கு மட்டும் 5டி-க்கு ஒண்ணு போகுது?' என்று கேட்கும் பிள்ளைக்கு, 'பாதி நிரம்பினா நிலைத்தன்மை ஜாஸ்தி' என்று பதில். ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த ஒரு மதிப்பெண் இப்போது அவர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குப் பெயர் வந்த கதையும் அவருக்குத் தெரியும். யோஹான் காடோலின், பின்லாந்துக்காரர். ஸ்வீடனின் இட்டர்பி கிராமத்துச் சுரங்கத்தில் கிடைத்த கறுப்புக் கல்லை 1794-இல் ஆராய்ந்து, அதில் புதிய மண் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அருமண் தனிமங்களின் கதை அங்கேதான் ஆரம்பம். 1880-இல் ஜெனீவாவில் மாரிக்னாக் வேறொரு தனிமத்தை அடையாளம் கண்டார், பின்னால் அதற்குக் காடோலின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். காடோலின் 1852-லேயே இறந்துவிட்டார். தன் பெயர் கொண்ட தனிமத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஆனால் அது ஏன் எம்.ஆர்.ஐ.க்கு வேண்டும்? அன்றிரவு பழைய பாடநூல்களையும் கணினியையும் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்துவிட்டார். மூன்று எலக்ட்ரான்களை இழந்த கடோலினிய அயனியில் ஏழு எலக்ட்ரான்கள் ஏழு ஆர்பிட்டால்களில் ஒவ்வொன்றாக, ஜோடி சேராமல் நிற்கின்றன. ஜோடி சேராத ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஏழு காந்தமும் ஒரே திசையில் நின்றால் பக்கத்தில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருக்க முடியாது.

இதைப் பிற்பாடு வகுப்பில் அவர் விளக்கிய விதத்தை அவருடைய மாணவிகள் மறந்திருக்க மாட்டார்கள். காலைப் பிரேயர் கலைந்ததும் பிள்ளைகள் இஷ்டத்துக்கு அலைந்து, மெதுவாக வரிசைக்கு வருவார்கள். பி.டி. மாஸ்டர் எந்த மூலையில் விசிலோடு நிற்கிறாரோ அந்த மூலையில் மட்டும் வரிசை சட்டென்று சேர்ந்துவிடும். மாடியிலிருந்து பார்க்கும் ஹெச்.எம்.முக்கு மாஸ்டர் தெரிய மாட்டார், வேகமாகச் சேர்ந்த வரிசைதான் தெரியும். எம்.ஆர்.ஐ. பார்ப்பது உடம்பின் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்களை. ரேடியோ அலையால் கலைக்கப்பட்ட அவை பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தைப் பொறுத்தே படத்தில் வெளுப்பும் கருப்பும் வருகின்றன. கடோலினியம் இருக்கிற இடத்தில் அவை விரைந்து திரும்பும், அந்த இடம் வெள்ளையாக மின்னும். படத்தில் தெரிவது மருந்து இல்லை, மருந்தின் பக்கத்தில் இருந்த தண்ணீர். சி.டி.யில் போடும் அயோடின் தானே எக்ஸ்-ரேயை மறித்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். இரண்டு மருந்துக்கும் அடிப்படை வித்தியாசம் இது.

இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. தனியாக விட்டால் கடோலினியம் விஷம். அதன் அயனி ஏறத்தாழ கால்சியம் அயனியின் அளவுதான். நரம்பும் தசையும் இதயமும் கால்சியத்துக்காகத் திறந்து வைத்திருக்கும் வாசலில் இது போய் அடைத்துக்கொள்ளும். அதனால் அதை வெறுமனே ஊசியில் ஏற்ற முடியாது. சுற்றிப் பிடித்துக்கொள்ளும் ஓர் ஈனி வேண்டும். அணைவுச் சேர்மங்கள் பாடத்தில் 'கொடுக்கிணைப்பு' என்று ஒரு சொல் வருகிறதே, அதேதான். நண்டு தன் கொடுக்கால் கவ்வுவது போல ஈனி உலோகத்தைக் கவ்விக்கொள்கிறது. பெர்லினில் இருந்த ஷெரிங் நிறுவனத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மன் குழுவினர் உருவாக்கிய முதல் மருந்து, 'மேக்னெவிஸ்ட்', அப்படிப்பட்டது. 1983-இல் முதன்முதலாக மனித உடலில் செலுத்தப்பட்டது. 1988-இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

பெர்லின் இந்தக் கதையில் அதற்கு முன்பே ஒரு முறை வருகிறது. 1885-இல் அங்கே பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களை ஏற்றிப் பார்த்தார். உடம்பு முழுக்கச் சாயம் ஏறியது, மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளையின் ரத்தக் குழாய்கள் தேவையில்லாத எதையும் உள்ளே விடாத தடுப்பு ஒன்றை வைத்திருக்கின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. கடோலினிய மருந்தும் அந்தத் தடுப்பைத் தாண்டுவதில்லை. தடுப்பு உடைந்த இடத்திலும், தடுப்பே இல்லாத கட்டிகளிலும் மட்டும் கசிந்து தேங்கும். தேங்கிய இடம் மின்னும். எங்கே நுழைய முடியவில்லை என்பதே இந்த மருந்துக்குப் பலம் ஆகிவிட்டது.

டீச்சரின் படத்திலும் ஒன்று மின்னியது. மருத்துவர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் செருகி, பென்சில் முனையால் காட்டினார். செவிநரம்பு போகும் எலும்புக் குழாயின் மொத்த நீளமே ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதற்குள் அரிசி மணி போல வெள்ளையாக ஒன்று. 9 மில்லிமீட்டர். ஊசி போடுவதற்கு முன் எடுத்த படத்தில் அந்த இடத்தில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு சாம்பல் நிறம், அவ்வளவே. வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்ற கட்டி. புற்றுநோய் இல்லை, பரவாது, பெரும்பாலும் மிக மெதுவாக வளரும், சிலருக்கு வளராமலே நின்றுவிடும். "அவசரமா ஒண்ணும் செய்ய வேணாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ, அப்புறம் வருசா வருசம் ஸ்கேன் எடுத்துப் பாப்போம்" என்றார் மருத்துவர்.

வருடா வருடம் என்றால் வருடா வருடம் அந்த ஊசி. அப்படியானால் அதைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்டே தீருவது என்று டீச்சர் முடிவு செய்தார். தெரிந்துகொண்டதில் ஒன்று அவரைத் தூங்கவிடவில்லை.

1997 முதல் அமெரிக்காவில் சிறுநீரகம் செயலிழந்த சிலருக்கு ஒரு புது நோய் வரத் தொடங்கியது. தோல் மரப்பட்டை போலத் தடித்து இறுகும், மூட்டுகள் மடங்கியபடி நின்றுவிடும். 2000-இல் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார்கள், காரணம் தெரியவில்லை. 2006-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாமஸ் குரோப்னர் என்ற மருத்துவர்தான், இவர்களுக்குக் கடோலினியம் போட்டு ஸ்கேன் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற முடிச்சை அவிழ்த்தார். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இந்த மருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, ஒரே நாளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பிலேயே சுற்றும். சுற்றச் சுற்ற கொடுக்கின் பிடி தளர்ந்து உலோகம் நழுவும். 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் செய்தது. ஊசிக்கு முன் சிறுநீரகத்தைச் சோதிக்கும் வழக்கம் வந்தபின் புதிதாக இந்த நோய் வருவது ஏறக்குறைய நின்றேவிட்டது.

இது உலகத்துக்குத் தெரிந்து ஆறு வருடம் கழித்து, சர்க்கரை உள்ள ஒரு பெண்மணிக்கு, கிரியாட்டினின் என்ற சாதாரண ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஊசி போட்டிருக்கிறார்கள். மறுநாளே டீச்சர் தெருமுனை லேபில் போய் ரத்தம் கொடுத்தார். 0.8. சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி யாருக்கும் மருந்து ஏற்றக் கூடாது.

இரண்டாவது ஸ்கேன் 2014 ஜனவரியில், வேறு மருத்துவமனையில். அங்கே இருந்த சிஸ்டர் நடுத்தர வயதுக்காரர், மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். கிரியாட்டினின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்காமல் வென்ஃப்ளான் பக்கமே போகவில்லை. சர்க்கரை இருக்கா, ஆஸ்துமா இருக்கா, போன தடவ ஊசி போட்டப்ப அரிப்பு, தடிப்பு ஏதாச்சும் வந்துச்சா, பேஸ்மேக்கர், கிளிப் ஏதாச்சும் வச்சிருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எடை பார்த்தார். 62 கிலோ. கிலோவுக்கு 0.2 மில்லி கணக்கில் 12.4 மில்லி சிரிஞ்சில் ஏற்றினார். பின்னாலேயே தள்ளிவிட 20 மில்லி சலைன் இன்னொரு சிரிஞ்சில்.

இயந்திரத்துக்குள் பாதி ஸ்கேன் முடிந்து சத்தம் நின்றதும், அந்தச் சிஸ்டர் உள்ளே வந்து இடது பக்கமாகக் குனிந்தார். வலது காது கேட்காது என்பதையும் கேட்டு வைத்திருந்தார். "டீச்சர், இப்ப மருந்து போடப் போறேன். கை சில்லுனு ஏறும். வாய் ஒரு மாதிரி இருக்கும். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, போயிரும். நான் இங்கனதான் நிக்கிறேன்."

அதே குளிர் அதே வழியில் ஏறியது. முழங்கை, புஜம், அக்குள். அதே பித்தளை ருசி. டீச்சர் ஏழு வரை எண்ணினார், எட்டுக்கு வேலை வரவில்லை. தோள் அசையவில்லை. படம் முதல் தடவையிலேயே தெளிவாக வந்தது.

முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். ஒவ்வாமை வருவது மிக அரிது, வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வந்துவிடும் என்பதால் அந்தக் காவல். அந்த நேரத்தில் டீச்சர் கைப்பையிலிருந்த மின்கட்டண ரசீதின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டார். ஒரு மில்லியில் அரை மில்லிமோல். 12.4 மில்லியில் 6.2 மில்லிமோல். கடோலினியத்தின் அணுநிறை 157.25. பெருக்கினால் 975 மில்லிகிராம். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான உலோகம், பவுனில் எட்டில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் கைவழியே உள்ளே போய், நாளைக்குள் வெளியேறப் போகிறது.

எங்கே வெளியேறும் என்று யோசித்தால் அதற்கும் ஜெர்மனியில் பதில் இருக்கிறது. 1996-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இருவர், நகரங்களைத் தாண்டி ஓடும் ஆறுகளின் தண்ணீரில் மற்ற அருமண் தனிமங்களின் அளவுக்குப் பொருந்தாமல் கடோலினியம் மட்டும் எகிறி நிற்பதைக் கண்டார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பால் பிடிக்க முடியாத ஸ்கேன் மருந்து அது. இதைப் படித்த அன்று டீச்சர் வைகைப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டே போனார்.

வருடங்கள் போயின. கட்டி 9 மில்லிமீட்டரிலேயே நின்றது, ஊசிகள் மட்டும் கூடின. 2014-இல் ஜப்பானில் தோமோனோரி காண்டா என்ற மருத்துவரின் குழு, பலமுறை கடோலினியம் போட்டவர்களின் மூளையில், மருந்து போடாமல் எடுத்த படத்திலேயே சில இடங்கள் வெளுத்துத் தெரிவதைக் காட்டியிருந்தது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கும் சிறிதளவு உள்ளே தங்குகிறது என்பது அதைத் தொடர்ந்து உறுதியானது. அதனால் நேரடியான கெடுதல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 2017-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு, கொடுக்கு திறந்த சங்கிலி வடிவில் உள்ள லீனியர் வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தச் சொல்லிவிட்டது. மேக்ரோசைக்ளிக் வகை தொடர்ந்தது. அதில் ஈனி வளையமாக மூடியிருக்கும். நண்டுக் கொடுக்குக்குப் பதில் கூண்டு. உலோகம் அவ்வளவு எளிதில் தப்பாது.

2018-இல் ஸ்கேனுக்குப் போனபோது டீச்சர் கேட்டார்: "சிஸ்டர், இது லீனியரா, மேக்ரோசைக்ளிக்கா?" சிஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, குப்பியைத் திருப்பிக் கையில் கொடுத்தார். கடோடெரேட். கூண்டு வகை. "இத்தன வருசத்துல இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார்.

அதே நாள் வெளியே பெஞ்சில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வென்ஃப்ளான் குத்திய கையை மறு கையால் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் நடுங்கின. டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஊசி போடுறப்ப கை சில்லுனு ஏறுங்கய்யா. வாய் பித்தள மாதிரி இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அது மருந்துதானா தாயி? போன மாசம் வேற எடத்துல எடுத்தப்ப, ரத்தம் ஒறஞ்சு போகுது, இத்தோட சரின்னு நெனச்சேன். வீட்டுலகூட யாருகிட்டயும் சொல்லல."

ஒரு மாதம் அந்தப் பயத்தை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார்.

2019-இல் மருத்துவர் ஒரு நல்ல செய்தி சொன்னார். இந்தக் கட்டியின் அளவை மட்டும் கண்காணிக்க, நுணுக்கமாக எடுக்கும் வேறு வகைப் படமே போதும், ஒவ்வொரு முறையும் ஊசி தேவைப்படாது. அதையும் டீச்சர் கேட்டதால்தான் சொன்னார்: "இந்தத் தடவ ஊசி போட்டே ஆகணுமா சார்?" அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களில் அவர் கையில் குளிர் ஏறவில்லை.

கடோலினியத்துக்குப் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடச் சொல்பவர் இல்லை டீச்சர். அந்த வெள்ளை மணி தெரியாமல் போயிருந்தால் தன் காதுக்கு என்ன என்று இன்னும் அலைந்துகொண்டிருப்பேன் என்பார். தெரிந்தவர் யார் ஸ்கேனுக்குக் கிளம்பினாலும் அவர் சொல்லியனுப்புவது இவ்வளவுதான்: கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, கர்ப்பம் என்று எது இருந்தாலும் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். ஊக்கை மறக்காதீர்கள். போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அவருடைய ஸ்கேன் ஃபைலின் முதல் தாளில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. தேதி, மருந்து, வகை, மில்லி என்று ஸ்கேல் வைத்து நான்கு கோடு போட்டு, கரும்பலகையில் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில். 2014 ஜனவரி முதல் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. 2013 ஜூலைக்கு நேரே மட்டும், வகை: தெரியாது, அளவு: தெரியாது.